பாதிப் பாலத்தோடு நெய்க்காரப்பட்டி வரை

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். சக்கர நாற்காலியில் ஊர் சுற்றுகிறவள். எந்தக் கோயிலில் சரிவுப் பாதை இருக்கிறது, எந்த ஓட்டலில் வாசற்படியே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எழுதுவதுதான் என் பொழுதுபோக்கு. போன மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். அவர் மகன் படிக்கும் பள்ளியில் விளையாட்டுத் திடலுக்கு இறங்க ஏழு படிகளாம். பையன் மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறானாம். "சரிவு கட்ட சர்க்காரிடம் பணம் கேட்கலாம் என்கிறார்கள். யாரைப் பார்ப்பது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீங்கள்தான் எங்கெல்லாமோ போய் வந்தவராயிற்றே" என்று கேட்டிருந்தார்.

அம்மா, அந்தப் பயணம் நான் ஒரு தடவை போயிருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. ஒரே நாளில் மாட்டுவண்டி, இரண்டு பஸ், ஒரு குதிரைவண்டி, கடைசியில் ஒரு ஜீப். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன், அவ்வளவு பயந்துகொண்டே போன பயணம் வேறு கிடையாது. அவ்வளவு சிரித்த பயணமும் கிடையாது.

எங்கள் ஊர் வடமதுரைக்குக் கிழக்கே மூன்று மைல். ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்திய விவகாரம் ஒன்று பின்னால் வருகிறது. யாராவது இத்தனை வருஷம் கழித்துக் கேஸ் எடுத்துவிட்டால் என்ன செய்வது?

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இரண்டு காலும் போயிற்று. பஸ் பட்டறையில் கழித்துப் போட்ட நாலு பேரிங்கை வாங்கி ஒரு பலகையில் பொருத்தி அப்பா வண்டி செய்து கொடுத்திருந்தார். கையால் தரையைத் தள்ளினால் பறக்கும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. குறுக்கே ஒரு பனைமரத் தடி. மற்றப் பிள்ளைகள் குரங்கு மாதிரி ஓடிக் கடந்துவிடுவார்கள். போகும்போது சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டு, "பாக்கியம், பாத்துக்க" என்பார்கள். எதிர்க்கரையில் கருவேலம் புதர். அவர்கள் போடும் கூச்சல்தான் எனக்குக் கேட்கும். நாலரை வருஷம் நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டைக் காவல்காரி. அழுதேனா என்றால், அழவில்லை. ஆனால் எவன் சட்டை என்ன நாற்றம் அடிக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வேன், அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது.

எங்கள் தலைமையாசிரியர் சூசை வாத்தியார் திண்டுக்கல்காரர். பள்ளிக்கூட வேலைகளுக்கு ஆகும் செலவில் பாதியை ஊர் கொடுத்தால் மீதிப் பாதியைச் சர்க்கார் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு, வாய்க்கால் மேல் சரிவாக ஒரு கல்பாலம் வேண்டும் என்று மனு எழுதினார். ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். ஊரும் சரி என்றது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்விட்டு வாத்தியார் திரும்பி வந்து பார்த்தால், வாய்க்காலில் பாதிப் பாலம் நிற்கிறது.

நிஜமாகவே பாதி. பதினெட்டு முழ வாய்க்காலில் பள்ளிக்கூடத்துக் கரையிலிருந்து ஒன்பது முழம். அருமையான பலகைக்கல், நடுவில் ஒரு கல் தூண், அதோடு நின்றது. அதற்கப்புறம் வெறும் காற்று.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. வருஷா வருஷம் வாய்க்காலைத் தூர் வாரும்போது மேலத்தெருவுக்கு இந்தக் கல் வரை, கீழத்தெருவுக்கு அந்தக் கல் வரை என்று நீளத்தில்தான் பங்கு. தன் பங்கு முடிந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்தவன் பங்கில் ஒரு கூடை மண் அள்ளினால்கூட "என்னைக் கையாலாகாதவன்னு நெனச்சியா?" என்று அடிதடி வரும். அந்த எல்லைக் கற்களைப் பார்த்துக்கொள்பவர் வயலுக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் விடும் சோலையப்பன். எனக்கு மாமா முறை. பாலத்தையும் அவர்தான் கயிறு பிடித்து அளந்து, சரிபாதியில் நிறுத்தியிருந்தார். "நம்ம பங்கு முடிஞ்சு போச்சு வாத்தியாரய்யா. இனி சர்க்கார் வந்து அவுக பங்கைக் கட்டட்டும்" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். பணம் வந்தால் மீதியை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பணம்தான் வரவில்லை. மனு எங்கே கிடக்கிறது என்றும் தெரியவில்லை. எனக்கோ அதுதான் அந்தப் பள்ளியில் கடைசி வருஷம். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மனுவின் நகலோடு என்னையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போவது என்று வாத்தியார் முடிவு செய்தார். அப்பா வர முடியவில்லை. அன்றைக்கு எங்கள் தோட்டத்துக்கு முறைத் தண்ணீர், தவறவிட்டால் எட்டு நாள் பூச்செடி காயும். தண்ணீர் திறக்கும் வேலையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுச் சோலை மாமா துணைக்கு வந்தார். நேரம், காசு, தூரம் எல்லாவற்றையும் வாத்தியார் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதனால் கணக்கு தப்பாது.

காலை 5.15க்குப் பூ மூட்டை ஏற்றிய வண்டியில் கிளம்பினோம். வடமதுரைக்கு ஒரு மணி நேரம். 6.40க்குத் திண்டுக்கல் பஸ். பன்னிரண்டு மைல், பெரியவர்களுக்கு நாற்பது பைசா, எனக்கு அரை டிக்கெட். சோலை மாமா என்னை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறினார். கண்டக்டர் என் பலகை வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"அது இந்தப் பிள்ளைக்குக் காலுய்யா. ஒங்க காலுக்கு எம்புட்டு லக்கேஜ் போட்டீக?" என்று மாமா கேட்க, பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் பலகையைத் தானே வாங்கித் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

7.25க்குத் திண்டுக்கல். பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் ஆளுக்கு நாலு இட்லி. சட்னியில் காரம் மண்டைக்கு ஏறியது. மனு போட்டிருந்த சர்க்கார் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். வாசலில் ஐந்து படி. ஊனமுற்றவர்களுக்கு உதவி கேட்டு வருகிறவர்கள் ஏறும் படி என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். (அது இன்றைக்கும் பல இடத்தில் தோன்றவில்லை.)

உள்ளே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். கட்டுகளைப் புரட்டி எங்கள் மனுவைக் கண்டுபிடித்துவிட்டார். அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "ஆனா அய்யா பழனிப் பக்கம் கேம்ப் போயிட்டாரு. இன்னிக்கு நெய்க்காரப்பட்டி பள்ளிக்கூடத்துல இருப்பாரு. நாளைக்கு எங்கன்னு எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமையோட இந்த வருசப் பட்டியல மூடிருவோம்" என்றார். பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல, "வேலைய எதுவும் ஆரம்பிச்சிடலையே? கையெழுத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலைக்குப் பைசா கெடையாது, தெரியுமில்ல?" என்றார்.

சோலை மாமா வாயைத் திறக்கப் போனார். வாத்தியார் அவர் காலை மிதித்தார். மூன்று வாரமாக நாங்கள் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த பாலம்தான் எங்கள் பாலத்துக்கு எமன்.

வெளியே வந்ததும் வாத்தியார் குடையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். கேக்கலைன்னா நானா சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் அந்த ஆபீசர் முன்னாடி வாயத் திறக்கவே கூடாது. சோலை, குறிப்பா நீரு!"

"நா எதுக்குப் பேசப் போறேன்?" என்றார் மாமா.

11.20க்குப் பழனி பஸ். முப்பத்தாறு மைல், ஒரு ரூபாய் பத்து பைசா. தைப்பூசத்துக்கு இன்னும் நாலு நாள். வழியெல்லாம் காவடியும் பாதயாத்திரையும். பஸ் ஊர்ந்தது. நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போய்ச் சிரித்துக் கையாட்டினார்கள். ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகள் ஏற்றக் கால் மணி நேரம். அந்தப் பக்கம் போகப் போகப் பேச்சே மாறிவிடும். எங்கள் ஊரில் "ஏலே, தள்ளி உக்காரு" என்றால், அங்கே "ஏனுங்க, செத்தத் தள்ளிக்கிறீங்களா" என்கிறார்கள். அந்த மரியாதையில் மாமா எழுந்தே நின்றுவிட்டார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. எதையும் ரசிக்க முடியவில்லை. அதிகாரி கேட்டுவிடுவாரோ, கேட்டுவிடுவாரோ என்று ஒரே நினைப்பு.

1.50க்குப் பழனி. கூட்டத்தில் நெய்க்காரப்பட்டி பஸ்ஸில் கால் வைக்க முடியவில்லை. ஏழு மைலுக்குக் குதிரைவண்டி பேசினோம். மூன்று ரூபாய் என்றவரை வாத்தியார் இரண்டரைக்கு இறக்கினார்.

"ஆபீசருங்களா? காலைல ஒம்பது மணிக்கே ஜீப்பு போச்சுங்க" என்றார் வண்டிக்காரர். "கொஞ்சம் கடுகடுன்னுதான் இருப்பாருங்க. ஆனாப் பரவால்லீங்க. கண்ணு, நீ முன்னால உக்காந்துக்க, குதிரையப் பாத்துட்டே வா."

குதிரையின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடிந்தது. இருந்தாலும் தென்னந்தோப்புக் காற்றில் அந்த ஒன்றேகால் மணி நேரம் நன்றாகவே இருந்தது. 3.40க்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். ஜீப் நின்றுகொண்டிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அதிகாரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் அலுப்பு. நான் பலகையைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனுவைப் படித்தார். பேனாவைத் திறந்தார். எங்கள் மூவருக்கும் உயிர் திரும்பி வரும்போது பேனாவை மூடிவிட்டார்.

"எல்லா ஊரும் இப்படித்தான் எழுதுறாங்க. 'ஊர் மக்கள் தங்கள் பங்கைத் தருவார்கள்.' போய்ப் பார்த்தா ஒருத்தன் ஒரு செங்கல் போட்டிருக்க மாட்டான். பணம் முடங்கிக் கிடக்கும். உங்க ஊரும் வாயால கட்டுற ஊர்தானே?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சோலை மாமாவின் மீசை துடித்தது. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். என்ன இழுத்து என்ன!

"எங்க ஊரையா சொல்றீக? எங்க பங்கு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சுங்கய்யா! ஒரு விரக்கட குறையாது! நீங்கதான் இன்னும் வரலை!"

வாத்தியார் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"முடிஞ்சுதா? என்ன முடிஞ்சுது?" என்றார் அதிகாரி.

மாமா மண்ணில் குந்தி, ஒரு குச்சியால் வாய்க்காலை வரைந்தார். இந்தக் கரை, அந்தக் கரை, நடுவில் தூண். "இது வரைக்கும் எங்க பங்கு. இங்கிட்டிருந்து சர்க்கார் பங்கு. அதுல நாங்க கை வைக்க மாட்டோம்."

அதிகாரி அந்தக் கோட்டையே பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "நடுவாய்க்கால்ல நிறுத்திட்டீங்களா?" என்றவர், சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவுக்கு எதற்குச் சிரிக்கிறார் என்றே புரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு நப்பாசை, சிரிக்கிறவர் கையெழுத்தும் போட்டுவிடுவார் என்று.

சிரிப்பு நின்றது. "ஆனா ஒண்ணும் செய்ய முடியாது சார். முன்கூட்டி ஆரம்பிச்ச வேலை. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைக் கேப்பாங்க" என்று மனுவை மடித்து வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் வாங்கிக்கொண்டார்.

வாயைத் திறக்காதே என்று எனக்கும்தான் சொல்லியிருந்தது. என்னால் முடியவில்லை. "அய்யா, அது பாலமே இல்லீங்க" என்றேன்.

"பின்ன என்ன?"

"பாலம்னா அக்கரைக்குப் போகணும்ல? அதுல எங்கிட்டும் போக முடியாது. முனை வரைக்கும் போயி உக்காரலாம். அம்புட்டுத்தான்."

"போய் உக்காந்து என்ன பண்ணுவே?"

"பாப்பேன். கரையில இருந்தா புதர் மறைக்கும். முனையில இருந்து பாத்தாத் திடல் தெரியும். நாலு வருசமாச் சத்தம் மட்டுந்தேங் கேட்டேன். இப்பத்தேன் எப்பிடி விளையாடுறாகன்னு பாத்தேன்."

அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். கோபத்தில் வந்த அழுகை. பஸ்ஸில் வந்தது, குதிரைவண்டியில் வந்தது, எல்லாம் சேர்ந்து வந்தது.

அதிகாரி வாத்தியாரிடம் கையை நீட்டி மனுவைத் திரும்ப வாங்கினார். "கல்லெல்லாம் எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

"வாய்க்கால்லதான் சார்" என்றார் வாத்தியார்.

"அப்போ சரி." எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: "ஊர்ப் பங்குக்கான கல் முழுவதும் வேலை நடக்கும் இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கப்பட்டுள்ளது. மேற்படி இடத்தில் இன்று வரை பாலம் ஏதும் இல்லை." எழுதி, கையெழுத்துப் போட்டார். "இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா சார்?"

"இல்லை சார்" என்றார் வாத்தியார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழனி வரை எங்களை ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார். வழியில் பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கி என் மடியில் வைத்தார். சத்திரத்தில் தங்கி, மறுநாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தோம். அதிகாரி அனுப்பிவைத்த மனு வியாழக்கிழமையே திண்டுக்கல் ஆபீஸில் சேர்ந்துவிட்டது.

இனி நம் ஒட்டன்சத்திரத்து அம்மாவுக்குச் சில விஷயம். இப்போது திண்டுக்கல் தனி மாவட்டம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். முதல் பஸ்ஸுக்கே போய்விடுங்கள், வெயிலுக்கு முன் வரிசை நகரும். போவதற்கு முன் போன் செய்து அதிகாரி ஊரில் இருக்கிறாரா என்று கேளுங்கள், எங்களை மாதிரி அலையாதீர்கள். கையெழுத்து விழும் முன் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். பையனைக் கூட்டிப் போங்கள். பேசாதே என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். திடல் பக்கம் படி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் பார்க்கவில்லை.

பங்குனியில் ஓவர்சியர் ஆட்களோடு வந்து சர்க்கார் பங்கைக் கட்டினார். சிமெண்டுப் பூச்சு, கைப்பிடி, எல்லாம் ஜோர். முடிவில், திடலில் இறங்கும் இடத்தில், இரண்டு படி. எல்லாப் பாலத்துக்கும் அதே வரைபடமாம். பணம் பட்டுவாடா ஆகி, அவர்கள் போன பிறகுதான் நான் பலகையைத் தள்ளிக்கொண்டு போனேன். பதினாறு முழம் தாண்டிவிட்டேன். அந்த இரண்டு படியின் தலையில் நின்றுவிட்டேன். கீழே மொத்தப் பள்ளிக்கூடமும் நின்று என்னையே பார்க்கிறது.

"தூக்கி இறக்கி விட்டுரலாம்" என்றான் ஒருவன்.

"வேணாம்" என்றேன்.

சோலை மாமா கரையில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். தன் பங்கையும் சர்க்கார் பங்கையும் பிரிக்கும் கோட்டின் மேல் வந்து நின்றார். "எங்கப்பன் காலத்துலருந்து அடுத்தவன் பங்குல நாங்க கை வச்சதில்ல" என்றார், யாரிடம் என்று தெரியாமல். வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வானத்தைப் பார்த்தார். மாமா கோட்டைத் தாண்டினார். என்னைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார். முதல் அடியிலேயே சர்க்கார் படியில் மூலை தெறித்தது. அதற்கப்புறம் மேலத்தெரு, கீழத்தெரு என்று இல்லை, ஊரே மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. பதினொரு மணிக்கு உடைக்க ஆரம்பித்து, மூன்று மணிக்குக் கல்லும் மண்ணும் போட்டுத் திமிசால் இடித்துச் சரிவாக்கிவிட்டார்கள்.

நாலு மணிக்கு நான் பள்ளிக்கூடத்துக் கரையிலிருந்து ஒரே தள்ளு. பேரிங் சத்தம் காதைப் பிளக்க, பதினெட்டு முழமும் இறங்கி, திடலின் நடுவே புழுதியில் போய் நின்றேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். "எனக்கு ஒரு தடவ, எனக்கு ஒரு தடவ!" சோலை மாமா அங்கேயும் முறை வைத்தார், ஆளுக்கு ஒரு தடவை என்று.

வரிசையில் முதலில் நின்றவன் சட்டையைக் கழற்றி, பழக்கத்தில் என்னிடம் நீட்டினான். "பாக்கியம், பாத்துக்க."

"ஒஞ் சட்டைய நீயே பாத்துக்கடா. அடுத்த முறை எனக்கு" என்றேன்.